கோமாளி மீன் தொட்டிக்கு எந்த விளக்கு?

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் உபதொழிலாகக் கடல் வண்ண மீன் வளர்க்க விரும்புவோர் கோமாளி மீனில் தொடங்கலாம். பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையம் இம்மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்துள்ளது.

விளக்கு வாங்குவதில்தான் பணம் வீணாகிறது. கடைகளில் காட்டும் விலை உயர்ந்த நீல எல்.இ.டி. விளக்கு பவளத்துக்கானது. பவளத்தின் உடலிலுள்ள நுண்பாசி அந்த ஒளியில்தான் உணவு தயாரிக்கிறது. மீனுக்கு அது வேண்டாம். பவளமோ 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். கடைக்காரர் என்ன சொன்னாலும் வாங்காதீர்கள்.

சாதாரண வெள்ளை எல்.இ.டி. பட்டை விளக்கே போதும். தண்ணீர் புகாத உறையுள்ளதாகப் பார்த்து, நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே பொருத்தவும். உப்புநீர் தெறித்தால் இணைப்புகள் அரித்துவிடும். வயரைத் தாழ வளையவிட்டு, பிறகு மேலேற்றி பிளக்கில் செருகவும். வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். கண்ணாடியில் பாசி அதிகம் படிந்தால் விளக்கெரியும் நேரத்தை இரண்டு மணி குறைக்கவும்.

விளக்கை விட டைமர் முக்கியம். தினமும் ஒரே நேரத்தில் போட்டு, 12 மணி நேரம் கழித்து அணைக்க வேண்டும். 28 டிகிரி வெப்பத்தில், முட்டையிட்ட 7 அல்லது 8ஆம் இரவு, இருள் சூழ்ந்த ஓரிரு மணியில் குஞ்சுகள் வெளிவரும். அந்நேரம் யாரேனும் விளக்கைப் போட்டால் பொரிப்பு தடைப்படும். பொரித்தபின் ஒரு மூலையில் டார்ச் அடித்தால் குஞ்சுகள் ஒளியை நாடிக் கூடும். வலை போடாமல், குவளையால் நீரோடு மொண்டு வேறு தொட்டிக்கு மாற்றவும். விட்டுவைத்தால் விடிவதற்குள் பெரிய மீன்கள் தின்றுவிடும்.