ரெயின்கோட் போட்டும் உள்ளே நனையுதா? ஏற்காடு கிளம்பும் முன் ஜாக்கெட்டை இப்படி துவைங்க!

சேலத்தில் பைக்கை எடுக்கும்போது சுள்ளென்று வெயில். 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டுவதற்குள் பனிமூட்டம், சாரல், நடுக்கும் குளிர்காற்று. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டுக்கு அடிக்கடி போய் வருபவர்களுக்கு இது பழகிய விஷயம்தான். சுற்றுலா வருபவர்களுக்கு ரெயின்கோட் ஓரிரு நாள் தேவை. சேர்வராயன் மலையின் காபித் தோட்டங்களில் வேலை பார்ப்பவர்களுக்கோ மழைக்காலம் முழுக்க அதுதான் துணை.

ஆனால், நல்ல விலை கொடுத்து வாங்கிய ஜாக்கெட்கூட ஒன்றிரண்டு சீசனிலேயே "தண்ணி இறங்குது" என்று மூலைக்குப் போய்விடுகிறது. பல நேரங்களில் ஜாக்கெட்டில் கோளாறே இருக்காது. படிந்திருக்கும் அழுக்குதான் காரணம்.

உங்க ஜாக்கெட் எந்த வகை?

* பி.வி.சி. ரெயின்கோட்: பிளாஸ்டிக் ஷீட் மாதிரி இருக்கும். தண்ணீர் உள்ளே வராது, வியர்வையும் வெளியே போகாது.
* பி.யூ. பூச்சு ஜாக்கெட்: நைலான் அல்லது பாலியஸ்டர் துணியின் உள்பக்கம் பாலியூரித்தேன் பூசப்பட்டிருக்கும். பைக் ஓட்டுபவர்கள் அதிகம் வாங்குவது இதைத்தான்.
* மெம்பரேன் ஜாக்கெட்: கோர்-டெக்ஸ் போன்றவை. துணிக்குள் இருக்கும் மெல்லிய படலம் மழைத்துளியைத் தடுக்கும், வியர்வை ஆவியை வெளியே விடும்.

தண்ணி எப்படி உள்ளே வருது?

இரண்டாவது, மூன்றாவது வகை ஜாக்கெட்களின் வெளித்துணியில் தண்ணீர் ஒட்டாமல் இருக்க ஒரு பூச்சு கொடுத்திருப்பார்கள். தாமரை இலையில் உருள்வது போல மழைத்துளி உருண்டு விழுவது இதனால்தான். தலையில் தேய்த்த தேங்காய் எண்ணெய், வியர்வை, வண்டிப் புகை, செம்மண் எல்லாம் படிந்ததும் இந்தப் பூச்சு வேலை செய்யாது.

அப்போது வெளித்துணி மழையைக் குடித்து கனமாகிவிடும். வியர்வை ஆவி வெளியேற வழி குறையும். உள்ளேயே தண்ணீராகத் தேங்கும். மழை இறங்கிவிட்டது என்று நாம் நினைப்பது பெரும்பாலும் நம் வியர்வையாகவே இருக்கும்.

ஒரு கை தண்ணீரில் டெஸ்ட்

ஜாக்கெட் மீது கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உருண்டு ஓடினால் பிரச்னை இல்லை. துணியில் பரவி கருத்த திட்டாகி, உள்பக்கம் காய்ந்தே இருந்தால் துவைத்தால் சரியாக வாய்ப்பு அதிகம். உள்பக்கமே ஈரமானால் தையல் டேப் அல்லது பூச்சு போயிருக்கலாம்.

துவைப்பது எப்படி?

* முதலில் உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் படியுங்கள்.
* பாக்கெட்டை காலி செய்து, ஜிப், வெல்க்ரோ எல்லாவற்றையும் மூடுங்கள்.
* காலர், கைமுனையை மென்மையான பிரஷ்ஷால் லேசாகத் தேயுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு சேரும் இடம் அதுதான்.
* குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சமே கொஞ்சம் லிக்விட் டிடர்ஜென்ட். இதற்கென்றே விற்கும் வாஷ் கிடைத்தால் இன்னும் நல்லது.
* இரண்டு முறை நன்றாக அலசுங்கள். சோப்பு தங்கினால் அதுவே தண்ணீரை இழுக்கும்.
* பிழியாமல், நிழலில் தொங்கவிட்டு காய வையுங்கள்.

ஃபேப்ரிக் சாஃப்ட்னர், பிளீச் ரெண்டும் வேண்டாம். கல்லில் அடித்துத் துவைக்கவே கூடாது.

கடைசியா கொஞ்சம் சூடு

பலரும் விட்டுவிடும் ஸ்டெப் இது. லேபிள் அனுமதித்தால், காய்ந்த ஜாக்கெட்டை டிரையரில் குறைந்த சூட்டில் சுமார் 20 நிமிடம் ஓடவிடலாம். டிரையர் இல்லையா? மேலே ஒரு காட்டன் துணி போட்டு, நீராவி இல்லாமல் குறைந்த சூட்டில் அயர்ன் செய்யலாம். சோர்ந்துபோன பூச்சு மறுபடி வேலை செய்யத் தொடங்கும். அப்படியும் தண்ணீர் உருளவில்லை என்றால், வாட்டர்ப்ரூஃப் ஸ்ப்ரே அடிக்க வேண்டியதுதான்.

பி.வி.சி. கோட்டில் மட்டும் அயர்ன் பாக்ஸ் படவே கூடாது, உருகிவிடும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தினால் போதும்.

மலையில் கூடுதல் கவனம்

நனைந்த ஜாக்கெட்டை சுருட்டி பைக் பாக்ஸில் போட்டு, சேலம் வெயிலில் வண்டியை நிறுத்துவது ரொம்பவே தப்பு. ஈரமும் சூடும் சேர்ந்தால் பி.யூ. பூச்சு மெல்ல மெல்ல சிதைந்து, பிசுபிசுத்து, செதில் செதிலாக உரியும். அந்த நிலைக்கு வந்தபின் எந்த வாஷும் ஸ்ப்ரேயும் காப்பாற்றாது, புதுசு வாங்க வேண்டியதுதான். தையல் டேப் மட்டும் விலகியிருந்தால் சரிசெய்ய முடியும்.

பனிமூட்டத்தில் துணி காய நேரம் எடுக்கும். அரைகுறையாகக் காய்ந்ததை பீரோவில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். காற்றோட்டமான இடத்தில் ஹேங்கரில் மாட்டுங்கள்.

ஓடையிலோ ஏரியிலோ துவைப்பதையும் தவிருங்கள். மழை ஜாக்கெட்கள் பலவற்றின் பூச்சில் பி.எஃப்.ஏ.எஸ். எனும் ரசாயனங்கள் இருக்கின்றன. இயற்கையில் எளிதில் அழியாதவை இவை. இப்போது இவை இல்லாத ஜாக்கெட்களும் வருகின்றன. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கைத் தாங்கும் சக்தி இவற்றுக்குக் குறைவு என்பதால், கொஞ்சம் அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கும்.

மழையில் தினமும் போடுபவர்கள் மாதம் ஒருமுறையும், எப்போதாவது போடுபவர்கள் சீசன் முடிந்து எடுத்து வைக்கும் முன்பும் துவைத்தால் போதும். அடுத்த டிரிப்புக்கு முந்தின நாள் அந்த தண்ணீர் டெஸ்ட்டை மட்டும் மறக்காமல் செய்துவிடுங்கள்.