தாயும் மகனும் ஏறிய மலை

எமது நாட்டில் வெண்பனி கொட்டுவதில்லை. கனடாவிலிருந்தும் நோர்வேயிலிருந்தும் உறவினர்கள் அனுப்பும் படங்களில்தான் வெள்ளை மலைகளைப் பார்க்கிறோம். ஆனாலும் மார்கழி, தை மாதங்களில் மலையகத்து உச்சிகளில் கைவிரல் விறைக்கும் குளிர் இருக்கும். நுவரெலியாவில் சில தை, மாசி விடியற்காலைகளில் புல்லின் மேல் உறைபனி படிவதும் உண்டு. வன்னி வெயிலில் வாழ்பவர்களுக்கு அது வேறொரு நாட்டுக் குளிர் போன்றதே. இக்குளிர் காலத்தில்தான் சிவனொளிபாதமலை யாத்திரையும் நடைபெறுகிறது.

2024 தை மாதத்தில் நான் பணியாற்றும் பெண்கள் குழுவிலிருந்து ஒரு தாயும் அவரது 15 வயது மகனும் இம்மலையில் ஏறினார்கள். நானும் உடன் சென்றேன். அவர்களது சம்மதத்துடனேயே இதனை எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார்கள்.

மலையைப் பற்றி

சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீற்றர். மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கும் யாத்திரைக் காலம் வைகாசிப் பௌர்ணமியுடன் முடிவடைகிறது. உச்சியிலுள்ள பாதச்சுவட்டை இந்துக்கள் சிவனுடையது என்றும், பௌத்தர்கள் புத்தருடையது என்றும், முஸ்லிம்கள் ஆதம் நபியுடையது என்றும் போற்றுகின்றனர். கிறிஸ்தவர்களிடையே அதனைப் புனித தோமையாருடன் தொடர்புபடுத்தும் நம்பிக்கையும் உண்டு. 14ஆம் நூற்றாண்டில் பயணி இபின் பதூதாவும் இம்மலையில் ஏறியுள்ளார்.

ஏறுவதற்குப் பல பாதைகள் இருக்கின்றன. ஹற்றன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணியை அடைந்து ஏறும் பாதையே தூரம் குறைந்தது. அதிலும் 5,000க்கு மேற்பட்ட படிகள் உள்ளன. ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரம் ஏற வேண்டும். உயரம் 1,000 மீற்றர் கூடும்போது வெப்பநிலை சுமார் 6.5 பாகை குறையும். ஆகவே கடற்கரையோரத்தில் இரவு 24 பாகையாக இருக்கையில் உச்சியில் 10 பாகையளவே இருக்கும். காற்றும் வீசினால் குளிர் இன்னும் கடுமையாகத் தெரியும்.

ஏன் போனார்கள்?

மகன் பிறந்தது 2009 தை மாதம். அவ்வருடம் வைகாசியில் முள்ளிவாய்க்காலில் அவனது தந்தை காணாமற் போனார். தாயின் இடது காலில் இன்றும் ஒரு செல் துண்டு இருக்கிறது. கூலி வேலையும் கோழி வளர்ப்புமாக அவர் மகனை வளர்த்தார். வீட்டுத் தேவைக்காக எடுத்த இரண்டு நுண்கடன்களும் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தன.

பத்தாம் வகுப்புக்கு வந்த பின் மகன் தாயுடன் பேசுவதைக் குறைத்தான். பாடசாலைக்குப் போவதாகக் கூறி வேறிடத்தில் நின்றான். கேட்டால் கோபம். அடித்தும் பார்த்தார், அழுதும் பார்த்தார். "என்ர பிள்ளை எனக்குப் பிறத்தியாள் மாதிரி ஆயிற்றான் மிஸ்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அப்போதுதான் எமது குழுவில் மலை யாத்திரைப் பேச்சு வந்தது. தாய் வருவதாகச் சொன்னார். "உங்கட காலோட தனியப் போகேலாது, நானும் வாறன்" என்றான் மகன். பல வாரங்களுக்குப் பின் அவன் சொன்ன முதலாவது நீண்ட வசனம் அதுதான்.

படிகளில் நடந்த பேச்சு

வவுனியா, கண்டி, ஹற்றன் என்று பஸ் மாறி மாறி நல்லதண்ணியை அடைந்தோம். பௌர்ணமி நாட்களிலும் வார இறுதிகளிலும் சனநெரிசல் அதிகம் என்பதால் வாரநாளொன்றையே தெரிவு செய்திருந்தோம். இரவு இரண்டு மணியளவில் ஏறத் தொடங்கினோம். பாதையெங்கும் மின்விளக்குகள் எரிந்தன. இறங்கி வரும் சிங்களத் தாய்மார் எங்களைப் பார்த்து "கருணாவய்" என்று வாழ்த்திச் சென்றார்கள். கூட்டத்தையும் பொலிசாரையும் கண்டு ஆரம்பத்தில் ஒடுங்கிப்போன அந்தத் தாய், சிறிது நேரத்தில் தானும் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லத் தொடங்கினார்.

பாதி வழியில் அவரது கால் வலிக்கத் தொடங்கியது. குளிருக்குச் செல் துண்டு குத்துவது போல இருக்கிறது என்றார். படியோரத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். கடைக்கார அம்மா இஞ்சி போட்ட பிளேன்டி ஊற்றிக் கொடுத்து, "அவசரப்படாம பையப் பைய போங்கம்மா, மலை எங்கயும் ஓடிறாது" என்றார். மகன் தாயின் பையையும் தனது தோளில் போட்டுக்கொண்டான். மற்றவர்கள் முன்னே போக, அவர்கள் இருவரும் பத்துப் படி ஏறுவதும் நிற்பதுமாகப் பின்னால் வந்தார்கள். அந்த நேரத்தில் நடந்த பேச்சைத் தாய் பின்னர் எனக்குச் சொன்னார்.

"அம்மா, அப்பா இருக்கிறார் எண்டு நீங்கள் உண்மையா நம்புறீங்களா?"

"தெரியாது ராசா. சில நாள் இருக்கிறார் எண்டு நினைப்பன். சில நாள் அப்பிடி நினைக்க ஏலாமல் கிடக்கும். உனக்குப் பொய் சொல்ல விருப்பமில்லாமல்தான் பேசாமல் இருந்தனான்."

"நான் நினைச்சன், நீங்கள் அவரை மறந்திட்டீங்கள் எண்டு."

பிறகு அவன் மற்ற விடயத்தையும் சொன்னான். கடன் சேர்க்க வந்தவர் படலையில் நின்று தாயை ஏசியதை அவன் கேட்டிருக்கிறான். பாடசாலையை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிள் திருத்தும் கடையில் சேர்ந்தால் கடனைக் கட்டலாம் என்று எண்ணியிருக்கிறான். அவன் பாடசாலைக்குப் போகாமல் நின்றது அந்தக் கடை வாசலில்தான்.

"கடன் நான் பட்டது, நான் கட்டுவன். எவ்வளவு எண்டு உனக்குக் காட்டுறன். நீ சோதினையை எழுது, பிறகு யோசிப்பம்" என்றார் தாய்.

உச்சியை அடையும்போது காலை ஏழரை மணி. சூரியோதயத்தையும், மலையின் நிழல் முக்கோணமாக விழும் காட்சியையும் அவர்கள் தவறவிட்டார்கள். எத்தனை முறை ஏறினோமோ அத்தனை முறை அங்குள்ள மணியை அடிப்பது வழக்கம். இருவரும் ஒவ்வொரு முறை அடித்துவிட்டு இறங்கினார்கள்.

வீடு திரும்பிய மறுநாள் தாய் இரண்டு கடன் புத்தகங்களையும் மகன் முன் வைத்தார். கட்டியது எவ்வளவு, மீதி எவ்வளவு என்று இருவருமாகக் கணக்குப் பார்த்தார்கள். அவன் சாதாரண தரப் பரீட்சை எழுதினான். கடன் இன்னமும் முழுதாக முடியவில்லை. கோபமும் இடையிடையே வருகிறது. ஆனால் வீட்டில் பேச்சு இருக்கிறது.

மௌனத்தின் பாரம்

உயிருடன் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத இழப்பை அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ் "தெளிவற்ற இழப்பு" என்று விளக்கினார். 1970களில் வியட்நாம் யுத்தத்தில் காணாமற் போன படையினரின் குடும்பங்களை அவர் ஆராய்ந்தார். இவ்விழப்பில் ஈமக்கிரியையும் இல்லை, முடிவும் இல்லை. அதனால் துக்கம் பாதியில் உறைந்து நிற்கிறது. எமது வீடுகளில் இது பெரும்பாலும் மௌனமாகவே இருக்கிறது. பிள்ளை நோகும் என்று தாய் பேசுவதில்லை. தாய் அழுவார் என்று பிள்ளை கேட்பதில்லை. காலப்போக்கில் ஒருவரின் மௌனத்தை மற்றவர் வெறுப்பென்று எண்ணிக்கொள்கிறார்.

முன்னால் உட்காரவைத்து "சொல்லு, என்ன பிரச்சினை?" என்று கேட்டால் வளர்ந்த பிள்ளைகள் வாய் திறப்பது அரிது. அருகருகே நடக்கும்போது முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை. இருட்டும் மூச்சு வாங்கலும் பேச்சுக்கு இடைவெளி தருகின்றன. எனது பணியில் இதனைப் பலமுறை கண்டுள்ளேன்.

எவரெஸ்ற் உச்சியை 1975இல் அடைந்த முதற் பெண்ணான ஜப்பானைச் சேர்ந்த ஜுன்கோ தபெய் மலைநடையை இளையோருக்கான ஆறுதலாகவும் பயன்படுத்தினார். அவர் பிறந்த இடம் ஃபுகுஷிமா. 2011இல் அப்பகுதியைப் பூமியதிர்ச்சியும் சுனாமியும் தாக்கிய பின், பாதிக்கப்பட்ட பிரதேசத்து உயர்தர மாணவர்களை 2012 முதல் ஒவ்வொரு கோடையிலும் 3,776 மீற்றர் உயரமான ஃபுஜி மலைக்கு அழைத்துச் சென்றார். புற்றுநோயுடன் போராடிக்கொண்டே 2016 கோடையிலும் மாணவர்களுடன் சென்ற அவர் அவ்வருடம் ஐப்பசியில் காலமானார். அவரது மகன் அம்முயற்சியைத் தொடர்ந்தார்.

போக விரும்பும் தாய்மாருக்கு

இருதய நோய், ஆஸ்துமா, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் உடலில் செல் துண்டு உள்ளவர்களும் முதலில் வைத்தியரைக் கேளுங்கள். ஒரே தடித்த உடுப்பை விட மெல்லிய உடுப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக அணிவது சிறந்தது. ஏறும்போது வியர்க்கும், அப்போது ஒன்றைக் கழற்றலாம். நின்றதும் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள், நனைந்த உடுப்புடன் காற்றில் நிற்க வேண்டாம். காதை மூடும் தொப்பி, காலுறை, மாற்று உடுப்பு, ரோர்ச் லைற், தண்ணீர், அடையாள அட்டை என்பன அவசியம். இறங்கும்போதுதான் முழங்கால் அதிகம் நோகும், தடியொன்று உதவும். இயலாவிட்டால் பாதியில் திரும்புவது வெட்கமில்லை. களனி கங்கை, களு கங்கை போன்ற ஆறுகளுக்கு நீர் தரும் காடு இது. கொண்டுபோகும் பொலித்தீனைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

பஸ் செலவுக்கே வழியில்லாத சகோதரிகள் எம்மிடையே பலர் இருக்கிறார்கள் என்பதை அறிவேன். மலைதான் வேண்டும் என்றில்லை. குளக்கட்டில் மாலை நடை, கடற்கரையோரம் ஒரு மணித்தியாலம், விறகுக்குப் போகும் பாதை என எதுவும் போதும். அறிவுரையை வீட்டில் விட்டுவிட்டுப் பிள்ளையுடன் நடவுங்கள். அவன் கேட்பதற்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள்.

பிள்ளை பாடசாலையை விட்டு விலகும் நிலையில் இருந்தால் பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். கடன் பிரச்சினைக்குப் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் ஆலோசனை பெறலாம். தனியே போகத் தயக்கமெனில் உங்கள் மாதர் சங்கத்திலிருந்து ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள்.