இரத்தத்தில் இன்சுலினை அளப்பது எப்படி?

குளுக்கோமீட்டர் இரத்தத்திலுள்ள சர்க்கரையைத்தான் காட்டும். அந்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலின் எவ்வளவு இருக்கிறது என்பதற்குத் தனிப் பரிசோதனை வேண்டும். நாகை, மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்கள் சூழ்ந்த காரைக்காலில் இந்த வேறுபாடு பலருக்கும் தேவைப்படும் விஷயம். 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின்படி, காரைக்கால் சேர்ந்திருக்கும் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் வயது வந்தோரில் 26.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் உண்டு. நாட்டின் அளவு 11.4 விழுக்காடு, கோவா மட்டுமே புதுச்சேரியைவிடச் சற்று மேலே.

வெறும் வயிற்றில் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் இருக்கும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு நானோகிராம்கூடத் தேறாது. இவ்வளவு சொற்பமான பொருளை அளக்க வழி கண்டவர்கள் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் பணியாற்றிய ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும். இன்சுலின் ஊசி போட்டுவந்தவர்களின் இரத்தத்தில் அதற்கு எதிரான ஆன்டிபாடி உருவாவதை அவர்கள் கவனித்தனர். அந்த ஆன்டிபாடியையே அளவுகோலாக்கினர். கதிரியக்க அயோடின் ஏற்றிய இன்சுலினை அதனுடன் சேர்த்து, நோயாளியின் இரத்தத் தெளிநீரான சீரத்தையும் கலந்தால், சீரத்திலுள்ள இன்சுலினும் அதே ஆன்டிபாடியில் ஒட்டப் போட்டியிடும். கதிரியக்க இன்சுலின் எவ்வளவு குறைவாக ஒட்டுகிறதோ, நோயாளியின் இன்சுலின் அவ்வளவு அதிகம். முழு முறையும் 1960-இல் வெளியானது. 1977-இல் யாலோ நோபல் பரிசு பெற்றபோது பெர்சன் உயிரோடு இல்லை. நடுவயதில் நோய் வந்த பலருக்கு இன்சுலின் குறையவே இல்லை, உடல்தான் அதற்குச் செவிசாய்க்கவில்லை என்ற உண்மை இந்த அளவீட்டால்தான் தெளிவானது. இன்றைய லேப்களில் கதிரியக்கத்துக்குப் பதில் ஒளி உமிழும் வேதிப்பொருள்களே பெரும்பாலும் பயன்படுகின்றன.

ஆனாலும் இன்சுலின் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுப்பது தவறு. கணையம் சுரப்பதில் ஏறக்குறையப் பாதியைக் கல்லீரல் முதலிலேயே எடுத்துக்கொள்கிறது; மிச்சமும் சில நிமிடங்களில் சிதைகிறது. மாதிரியில் சிவப்பணுக்கள் உடைந்தால் அளவு பொய்யாகக் குறையும். ஊசி போடுபவரிடம், எது சொந்தச் சுரப்பு, எது மருந்து என்று பிரித்தறிவதும் கடினம்.

இதற்கு நம்பகமான மாற்று சி-பெப்டைடு. கணையத்தில் இன்சுலின் உருவாகும்போது அதே எண்ணிக்கையில் பிரியும் துண்டு இது. ஊசி மருந்தில் கிடையாது, இரத்தத்தில் கூடுதல் நேரம் தங்கும். சர்க்கரை உயர்ந்திருந்தும் சி-பெப்டைடு மிகக் குறைந்தால் கணையம் ஓய்ந்துவிட்டது என்று பொருள்; முதல் வகை நோயில் இப்படித்தான். அப்படிப்பட்டவர் ஊசியை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. சர்க்கரை உயர்ந்திருக்கும்போதுதான் குறைந்த சி-பெப்டைடுக்கு இந்தப் பொருள் என்பதால், சி-பெப்டைடுக்கு இரத்தம் எடுக்கும் அதே வேளையில் சர்க்கரையையும் பார்த்தாக வேண்டும். சிறுநீரகம் பழுதடைந்தவர்களிடம் சி-பெப்டைடு வெளியேறாமல் தேங்கிக் கூடுதலாகக் காட்டும் என்பதால், அவர்களுடைய முடிவைச் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் அளவோடு சேர்த்தே மருத்துவர் படிக்கிறார்.