ஓடாதீர்கள், குனியாதீர்கள்!

2020 அக்டோபர். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ப்ரோவோ நகரை ஒட்டிய ஸ்லேட் கேன்யன் மலைப்பாதையில் ஓட்டப்பயிற்சிக்குப் போன ஓர் இளைஞர், வழியில் தென்பட்ட விலங்குக் குட்டிகளைக் கைப்பேசியில் படமெடுக்கத் தொடங்கினார். சட்டென்று தாய் வெளிப்பட்டது. மலைச்சிங்கம்! பல்லைக் காட்டிச் சீறியது. முன்னங்கால்களை அகல விரித்துத் தரையில் அறைந்து, பாய்வதுபோல மிரட்டியது. அவர் ஓடவில்லை. அதன்மீது வைத்த பார்வையை எடுக்காமல், உரக்கக் கத்தியபடி பின்னோக்கி நடந்தார். சுமார் ஆறு நிமிடம் விடாமல் தொடர்ந்த அந்த விலங்கு, அவர் கல்லெடுத்து வீசியதும் திரும்பி ஓடிவிட்டது.

பூமா, கூகர் என்றும் அழைக்கப்படும் இந்த விலங்கு, பெயரில் மட்டுமே சிங்கம். இதற்குக் கர்ஜிக்க வராது, வீட்டுப்பூனைபோலக் குறுகுறுக்கும். உறவுமுறையில் சிங்கத்தைவிடச் சிவிங்கிப்புலிக்குத்தான் நெருக்கம். கனடாவின் யூகானிலிருந்து தென் அமெரிக்காவின் தென்கோடி வரை பரவியிருக்கிறது.

வட அமெரிக்காவில் மான்தான் இதன் முக்கிய இரை. புதரில் பதுங்கியிருந்து, பின்புறமாகப் பாய்ந்து, பிடரியைக் கவ்வும். இந்த வேட்டை முறையைப் புரிந்துகொண்டால் பாதுகாப்பு விதிகளைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். ஓடுகிறவர் அதன் கண்ணுக்கு மானாகிவிடுவார். குனிகிறவர் நாலுகால் பிராணியின் உயரத்துக்கு இறங்கி, பிடரியையும் காட்டிவிடுவார். எனவே நிமிர்ந்து நில்லுங்கள். கைகளை உயர்த்தி, சட்டையை விரித்துப் பிடித்து உருவத்தைப் பெரிதாக்குங்கள். அழுத்தமான குரலில் பேசுங்கள். முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்கி, அது விலகிப்போக வழிவிடுங்கள். குழந்தை உடனிருந்தால், அதிகம் குனியாமல் உடனே தூக்கிக்கொள்ளுங்கள்.

மீறிப் பாய்ந்தால்? கழுத்தைக் காத்துக்கொண்டு திருப்பித் தாக்க வேண்டும். 2019 பிப்ரவரியில் கொலராடோவில் ஓட்டக்காரர் ஒருவர், தன்மீது பாய்ந்த இளம் மலைச்சிங்கத்துடன் ஆயுதமின்றிப் போராடி உயிர் பிழைத்தார்.

அந்தி சந்தியில் தனியே நடப்பதைத் தவிர்ப்பதும், நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்வதும், சிறுவர்களைக் கண்பார்வையிலேயே வைத்திருப்பதும் நல்லது.

இத்தனை எச்சரிக்கைக்கு நடுவே ஓர் உண்மையை மறக்கக் கூடாது: மனிதர்களைவிட்டு இது பெரும்பாலும் ஒதுங்கியே போகும். கலிபோர்னியாவில் 2024 மார்ச்சில் மலைச்சிங்கம் தாக்கி ஒருவர் இறந்தது, அங்கே 20 ஆண்டுகளில் நிகழ்ந்த அத்தகைய முதல் மரணம். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் நடுவே, மக்கள் திரளும் கிரிஃபித் பூங்காவில் பி-22 என்ற மலைச்சிங்கம் பத்தாண்டுகள் வாழ்ந்தது. ஒரு மனிதரைக்கூடத் தாக்கவில்லை.

ப்ரோவோவில் சீறிய தாயும் இரை தேடி வரவில்லை. குட்டிகளைக் காக்கவே வந்தது. காட்டில் குட்டிகளைக் கண்டால் படமெடுக்க நிற்காதீர்கள். தாய் அருகில்தான் இருக்கும். சத்தமில்லாமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.