கோலி அவுட்டானால் ஏன் இத்தனை குதூகலம்?

ஐபிஎல் நடக்கும் மாதங்களில் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் மாலை ஏழரை மணிக்கு மேல் தறிச் சத்தத்தோடு கிரிக்கெட் வர்ணனையும் சேர்ந்து கேட்கும். நான் போயிருந்த ஒரு வீட்டில் தறிக்கு எதிரே தூணில் கயிறு போட்டு செல்போனைக் கட்டியிருந்தார்கள். தறியில் கோர்வைச் சேலை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்பதால் இதை ஒற்றை ஆளாக நெய்ய முடியாது. கரைக்கு நாடா தள்ள பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். நெய்பவர் சென்னை சூப்பர் கிங்ஸ் ரசிகர். கோர்வைக்கு உட்கார்ந்திருந்த தம்பியோ பெங்களூரு பக்கம். விராட் கோலி மட்டையோடு இறங்கியதும் பெரியவரின் கால் மிதியில் நின்றுவிட்டது.

"மேட்சு தோத்தாக்கூட பரவாயில்லடா, இந்த ஆளு அவுட் ஆவணும்."

"அவரு உங்களுக்கு இன்னாண்ணா பண்ணாரு?"

தம்பியின் கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. சென்னை அணியின் லட்சக்கணக்கான ரசிகர்களிடம் கேட்டாலும் சட்டென்று பதில் வராது. நேரில் பார்த்திராத, நமக்கு எந்தக் கெடுதலும் செய்யாத ஒரு விளையாட்டு வீரர் மீது ஏன் இந்த எரிச்சல்?

பழைய கணக்கு

முதல் காரணம் எளிமையானது. அவர் நம்மைத் தோற்கடிக்கக்கூடியவர். பத்து ரன்னில் அவுட்டாகும் ஆட்டக்காரரை யாரும் வெறுப்பதில்லை. வெறுப்புக்கு அடியில் பயம் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு அடியில், ஒப்புக்கொள்ள மனம் வராத மரியாதையும் இருக்கிறது.

இரண்டு அணிகளுக்கும் பழைய கணக்கு நிறைய. 2011 மே 28 அன்று சேப்பாக்கத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் சென்னை 58 ரன் வித்தியாசத்தில் பெங்களூருவை வீழ்த்திக் கோப்பையை எடுத்தது. 2024 மே 18 அன்று பெங்களூருவில் கணக்கு திரும்பியது. பிளே-ஆஃபுக்குள் நுழைய கடைசி ஓவரில் சென்னைக்கு 17 ரன் தேவை. முதல் பந்தில் தோனி சிக்ஸர். அடுத்த பந்தில் அவுட். சென்னை வெளியேறியது. 2008-க்குப் பிறகு சேப்பாக்கத்தில் ஜெயிக்கவே முடியாமல் இருந்த பெங்களூரு, 2025 மார்ச் 28 அன்று 50 ரன் வித்தியாசத்தில் இங்கேயே வென்றது. இரு மாநிலங்களுக்கும் நடுவே காவிரித் தகராறு வேறு. அதையொட்டிய போராட்டத்தால் 2018-ல் சென்னையின் சொந்த மண் ஆட்டங்களே புனேக்குப் போயின. இத்தனை ஆற்றாமையையும் இறக்கி வைக்க ஒரு முகம் வேண்டும். பெங்களூரு அணியில் முதல் சீசனிலிருந்தே மாறாத முகம் கோலியுடையது.

நம்மாள் செய்தால் வேகம்

இரண்டாவது காரணம் நம் கண். கோலி விக்கெட் விழும்போது கத்துகிறார், முஷ்டியை உயர்த்துகிறார், முறைக்கிறார். 'திமிர்' என்கிறோம். 2019 ஏப்ரல் 11 அன்று ஜெய்ப்பூரில், அவுட்டாகி வெளியே போயிருந்த தோனி நோ-பால் பிரச்சினையில் மைதானத்துக்குள் வந்து நடுவர்களோடு வாதிட்டார். ஆட்டச் சம்பளத்தில் பாதியை அபராதமாகக் கட்டினார். அன்று நாம் என்ன சொன்னோம்? 'தலைவனுக்கே கோபம் வந்துவிட்டதென்றால் நியாயம் இருக்கும்.'

1951-ல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் கல்லூரிகளுக்கிடையே நடந்த ஓர் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்தில் பிரின்ஸ்டனின் நட்சத்திர வீரர் டிக் காஸ்மையரின் மூக்கு உடைந்தது. பிறகு ஹாஸ்டார்ஃப், கான்ட்ரில் என்ற இரு உளவியலாளர்கள் அந்த ஆட்டத்தின் படத்தை இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். டார்ட்மவுத் அணி செய்த தப்புகளை எண்ணும்போது, டார்ட்மவுத் மாணவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் எண்ணினார்கள் பிரின்ஸ்டன் மாணவர்கள். படம் ஒன்றுதான். யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் பார்த்த ஆட்டம் வேறு.

பெரியவர் சொன்னதற்கும் ஆய்வில் விளக்கம் உண்டு. பாஸ்டன் ரெட் சாக்ஸ், நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் ரசிகர்களின் மூளையை ஸ்கேன் செய்து மினா சிகாராவும் அவர் குழுவினரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு அது. எதிரணி சறுக்கும்போது, இன்பத்தோடு தொடர்புள்ள மூளைப் பகுதி சுறுசுறுப்பானது. அந்த அணி சம்பந்தமில்லாத மூன்றாவது அணியிடம் தோற்றபோதும் ரசிகர்கள் மகிழ்ந்தார்கள். நாம் ஜெயிக்க வேண்டும் என்றுகூட இல்லை. அவர்கள் தோற்றால் போதும்.

நெருக்கத்தில் பிறக்கும் சண்டை

காஞ்சிபுரத்துக்கு இது புதிதல்ல. வரதராஜப் பெருமாள் கோயிலில் வடகலையாரும் தென்கலையாரும் வணங்குவது ஒரே பெருமாளை. இருவருக்கும் ராமானுஜர் பொது. ஆனால் ஒரு தரப்பின் ஆசாரியர் இதே ஊர்த் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர். மறு தரப்புக்கு மணவாள மாமுனிகள். பிரபந்தம் தொடங்கும்முன் யாரைப் போற்றும் தனியனைச் சொல்வது என்ற தகராறு தலைமுறைகளைத் தாண்டி நீதிமன்றப் படியேறியிருக்கிறது. பக்தியை விளையாட்டோடு சமன்படுத்த இதைச் சொல்லவில்லை. தூரத்தில் இருப்பவரோடு யாரும் இத்தனை ஆவேசமாக மல்லுக்கு நிற்பதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். கோலியும் அந்நியரல்ல. 2008-ல் தோனியின் தலைமையில்தான் இந்திய அணிக்கே ஆட வந்தார்.

அதனால்தான் சட்டையின் நிறம் மாறினால் எல்லாம் மாறிவிடுகிறது. 2023 அக்டோபர் 8 அன்று சேப்பாக்கத்தில் உலகக் கோப்பை ஆட்டம். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 200 ரன் இலக்கு. இந்தியா 2 ரன்னுக்கு 3 விக்கெட். 12 ரன்னில் கோலி தூக்கியடித்த பந்தை மிட்செல் மார்ஷ் தவறவிட்டார். அரங்கத்துக்கு உயிர் திரும்பியது. கோலி 85 அடித்தார், ராகுலோடு சேர்ந்து அணியைக் கரையேற்றினார். அவர் அவுட்டாக வேண்டும் என்று ஏப்ரலில் வேண்டிக்கொள்ளும் ஊர், அக்டோபரில் அவர் அவுட்டாகக் கூடாது என்று வேண்டிக்கொண்டது.

அமெரிக்கக் கூடைப்பந்திலும் இதே கதைதான். லெப்ரான் ஜேம்ஸ் 2010-ல் கிளீவ்லாந்தை விட்டு மயாமி அணிக்குப் போனதும் சொந்த ஊரார் அவர் பனியனைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். அந்த டிசம்பரில் எதிரணி வீரராக வந்தவரை ஆட்டம் முழுக்கத் திட்டித் தீர்த்தார்கள். அவர் 38 புள்ளி எடுத்தார். 2014-ல் திரும்பி வந்து 2016-ல் கோப்பையை வாங்கிக் கொடுத்ததும் அதே ஊர் அவரைக் கொண்டாடியது. மனிதர் மாறவில்லை. சட்டைதான் மாறியது.

எல்லை எங்கே?

நம் வெறுப்பு அந்த மனிதர் மீது அல்ல, சட்டை மீது. இதை மறக்கிற இடத்தில்தான் ஆபத்து. 2020-ல் சென்னை தோற்றதும் தோனியின் ஐந்து வயது மகளுக்கு இணையத்தில் மிரட்டல் வந்தது. 2021-ல் இந்தியா தோற்றதும் கோலியின் கைக்குழந்தைக்கு வந்தது. 2022 அக்டோபரில் அரியலூர் மாவட்டத்தில் கோலி, ரோஹித் சர்மா பற்றிய வாக்குவாதத்தில் ஓர் இளைஞர் நண்பராலேயே கொல்லப்பட்டார் என்றது போலீஸ். இதற்கு ரசிப்பு என்று பெயர் வைக்க என்னால் முடியாது.

நமக்கு நல்ல முன்மாதிரியை வெளியூரில் தேட வேண்டியதில்லை. 1999 ஜனவரி 31. சேப்பாக்கம் டெஸ்டில் சச்சின் 136 அடித்தும் இந்தியா 12 ரன்னில் பாகிஸ்தானிடம் தோற்றது. நெஞ்சு உடைந்திருந்த அந்தக் கூட்டம் எழுந்து நின்று கைதட்ட, வாசிம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி வந்தது. 2019 உலகக் கோப்பையில் லண்டன் ஓவல் மைதானத்தில் இந்திய ரசிகர்கள் ஸ்டீவ் ஸ்மித்தைக் கேலி செய்து கூச்சலிட்டபோது, அவர்களைப் பார்த்து 'கைதட்டுங்கள்' என்று சைகை காட்டியவர் யார் தெரியுமா? நாம் திமிர் பிடித்தவர் என்று சொல்லும் அதே கோலி.

அதனால் கத்துங்கள். அவர் அவுட்டாக வேண்டும் என்று வரதரையும் ஏகாம்பரநாதரையும் வேண்டிக்கொள்ளுங்கள்; விக்கெட் விழுந்தால் குதியுங்கள். எதிரே பயப்பட ஓர் ஆள் இல்லாவிட்டால் நம் வெற்றிக்கு என்ன மதிப்பு? ஆனால் அவர் நூறு அடித்தால் எழுந்து நின்று கைதட்டுங்கள். அது தோல்வியை ஒப்புக்கொள்வதல்ல, ஆட்டம் தெரிந்தவர்கள் என்பதன் அடையாளம். சேப்பாக்கத்துக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் காப்பாற்றுவது கோப்பை வாங்குவதைவிடப் பெரிய காரியம்.