கையெழுத்துக்கு முன் கணக்கு

பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவராகத் தேர்வான ஒரு தாய், நூறு நாள் வேலைக்குப் போகிற அவசரத்தில் பள்ளி வாசலில் நிற்கிறார். தீர்மானப் பதிவேடு நீட்டப்படுகிறது. "சும்மா ஒரு கையெழுத்துதாம்மா, போட்டுட்டுப் போங்க." பக்கத்தில் ஒரு வரிகூட எழுதப்படவில்லை. அவர் போட்டுவிட்டுப் போகிறார். விழுப்புரம், திண்டிவனம் சுற்றுவட்டார ஊர்களில் இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் எழுதுகிறேன். அந்தக் கையெழுத்து பள்ளிப் பணத்தை எடுப்பதற்கான அனுமதி என்று அந்த அம்மாவிடம் யாரும் சொல்வதில்லை.

எவ்வளவு பணம்? ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் அரசுப் பள்ளிக்குத் தரும் பள்ளி மானியம் தலைக்கணக்கைப் பொறுத்தது. 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000. இதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு. தொடக்கப் பள்ளியின் நூலகத்துக்கு 5,000, விளையாட்டுப் பொருட்களுக்கு 5,000 என்று விதியில் தனியாக உண்டு. பி.எம். ஸ்ரீ பள்ளிகள் திட்டத்துக்குத் தமிழ்நாடு கையெழுத்திட மறுத்ததால் 2024-25க்கான ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட நிதியை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது, 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. ஆகவே பொதுவாகக் கேட்காதீர்கள். எந்த ஆண்டுக்கு, எந்தத் தலைப்பில், எவ்வளவு வந்தது என்று ஆண்டைச் சொல்லிக் கேளுங்கள். "நிதியே வரலை" என்ற பதில் ஓராண்டுக்கு உண்மையாக இருக்கலாம், எல்லா ஆண்டுக்கும் பொருந்தாது.

இந்த மானியத்தை ஏழைப் பிள்ளையின் கையில் ரொக்கமாகக் கொடுக்க முடியாது. கழிப்பறை, குடிநீர், மின்கட்டணம், உடைந்த பொருட்கள், கற்பித்தல் கருவிகள் ஆகியவற்றுக்குத்தான் செலவிடலாம். அப்படியானால் ஏழைப் பிள்ளைக்கு என்ன லாபம் என்று நினைக்க வேண்டாம். வீட்டில் கழிப்பறை இல்லாத பிள்ளைக்குத்தான் பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வருவது முக்கியம். வீட்டில் புத்தகம் இல்லாத பிள்ளைக்குத்தான் நூலகப் பீரோ திறந்திருக்க வேண்டும். சுவருக்கு வண்ணம் அடித்துப் படம் எடுத்து அனுப்புவதற்கு முன் இந்த இரண்டும் முடிந்திருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை குழுவுக்கு இருக்கிறது.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கேற்ற இடம் தர வேண்டும். உங்கள் பள்ளியில் இருளர் பழங்குடிப் பிள்ளைகள் படிக்கிறார்கள், குழுவில் ஓர் இருளர் தாய்கூட இல்லை என்றால் அதை முதலில் எழுதிக் கொடுங்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுவதும், மானியச் செலவைக் கண்காணிப்பதும் குழுவின் வேலை. நிதியாண்டு மார்ச் 31இல் முடியும், திட்டத்தை டிசம்பருக்குள் எழுதிவிடுங்கள். மார்ச் கடைசி வாரத்தில் ஓடி ஓடிப் பில் சேர்ப்பது செலவும் ஆகாது, கண்காணிப்பும் ஆகாது. வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வேண்டாம். தீர்மானத்தை ஒருவர் உரக்கப் படித்த பிறகு, தொகை எண்ணிலும் எழுத்திலும் இருப்பதைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

பிள்ளையின் பெயரிலேயே வருகிற பணம் வேறு. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு மூன்றாம் வகுப்பிலிருந்தே கல்வி ஊக்கத்தொகை உண்டு. அது வராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் காகிதம்தான். முதல் தடை சாதிச் சான்று. ஆதிதிராவிடருக்கு வட்டாட்சியர் தருவார். பழங்குடியினருக்கு அப்படியல்ல. 1989 நவம்பர் முதல் வருவாய்க் கோட்டாட்சியரோ அந்தப் பொறுப்பில் இருக்கும் சார் ஆட்சியரோதான் தர முடியும். திண்டிவனம், மரக்காணம், செஞ்சி, மேல்மலையனூர் பகுதி இருளர்கள் போக வேண்டியது திண்டிவனம் சார் ஆட்சியர் அலுவலகம். விழுப்புரம், விக்கிரவாண்டி பக்கம் இருப்பவர்களுக்கு விழுப்புரம் கோட்டாட்சியர். இது தெரியாமல் தாசில்தார் ஆபீசில் நாள் கணக்கில் உட்கார்ந்து திரும்புகிறவர்களைப் பார்க்கும்போது, அங்கே இருக்கும் ஒருவராவது வாய் திறந்து வழி சொல்லக் கூடாதா என்று கோபம் வருகிறது.

மனுவை இ-சேவை மையத்தில் பதியுங்கள், ஒப்புகைச் சீட்டை வாங்காமல் நகராதீர்கள். அப்பா அம்மாவிடம் சான்று இல்லையென்றால், சான்று பெற்ற ரத்த உறவினர் ஒருவருடைய நகலை இணையுங்கள். அதுவும் இல்லையென்றால், "குடியிருப்புக்கு நேரில் வந்து விசாரிக்கக் கோருகிறேன்" என்று மனுவிலேயே எழுதுங்கள். வந்து விசாரிப்பது அலுவலரின் கடமை. திண்டிவனத்திலிருந்து இயங்கும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இந்தச் சான்றுக்காகப் பல்லாண்டாகப் போராடிவருகிறது. தனியாக அலைவதைவிட அவர்களிடம் கேட்பது நல்லது. சான்றைப் பத்தாம் வகுப்பில் வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஒன்றாம் வகுப்பிலேயே மனுப் போடுங்கள்.

இரண்டாவது தடை வங்கிக் கணக்கு. பிள்ளையின் பெயரில் அஞ்சலகத்திலோ வங்கியிலோ கணக்கு இருக்க வேண்டும், அதில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். பள்ளிப் பதிவேடு, ஆதார், பாஸ்புக் மூன்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் பணம் திரும்பிப் போகக்கூடும். ஆதாரை இரண்டு கணக்குகளில் இணைத்திருந்தால் கடைசியாக இணைத்த கணக்குக்கே பணம் போகும். "வரவில்லை" என்று சொல்வதற்கு முன் அதையும் பாருங்கள்.

விழுப்புரம் மாவட்டத்தின் நடுவே சென்னை - திருச்சி நெடுஞ்சாலை போகிறது. விபத்துச் செய்தி இல்லாத வாரம் அபூர்வம். அரசுப் பள்ளியிலோ உதவிபெறும் பள்ளியிலோ படிக்கும் பிள்ளையின் வருவாய் ஈட்டும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தால், அல்லது நிரந்தரமாக முடங்கினால், பிள்ளையின் பெயரில் 75,000 ரூபாய் வைப்பீடு செய்ய அரசுத் திட்டம் இருக்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் உண்டு. துக்க வீட்டில் இதை யாரும் கேட்கப் போவதில்லை, தலைமையாசிரியர்தான் தேடிப்போய்ச் சொல்ல வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றோடு விண்ணப்பம் பள்ளி வழியாகவே மேலே போகும். நோயில் இறந்தவர்களுக்கு இது பொருந்தாது. கிடைக்கும் என்று சொல்லி இடைத்தரகர் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி இல்லாத குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் போக்குவரத்து, வழித்துணைக்காகத் தலைக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை ஒதுக்க விதி இடம் தருகிறது. ஏரிக்கரையிலும் வயல் ஓரத்திலும் தள்ளித் தள்ளி இருக்கும் வீடுகளுக்கு இது பொருந்தும். குழுவில் தீர்மானம் போட்டு, பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலோடு வட்டார வள மையத்தில் கொடுங்கள். 2021 அக்டோபர் 27இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியதே மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில்தான். அப்படியொரு மாவட்டத்தில் தூரத்தைக் காரணம் காட்டி ஒரு பிள்ளை நின்றுபோவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேட்டும் பதில் இல்லையென்றால் முதலில் வட்டாரக் கல்வி அலுவலர், பிறகு மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி). அதற்கும் மேல் விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் கூட்டம். வாய்மொழியாகப் பேசிவிட்டு வராதீர்கள். மனு, தேதி, ரசீது மூன்றும் வேண்டும். கணக்கு வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கேளுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. மானிய வரவு செலவுப் பதிவேட்டின் நகல், பில்களின் நகல், குழுத் தீர்மானங்களின் நகல் என்று பெயர் சொல்லிக் கேட்டால் மழுப்ப வழியில்லை. முப்பது நாளில் பதில் வரவில்லையென்றால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு கிளம்புகிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் கிளம்பாதீர்கள். பிள்ளையின் எமிஸ் (கல்வித் துறையின் இணையப் பதிவு) எண்ணை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள், மாற்றுச் சான்று கேளுங்கள், எமிஸ் பதிவிலிருந்து பெயரை விடுவிக்கச் சொல்லுங்கள். விடுவிக்காவிட்டால் போகிற ஊர்ப் பள்ளியால் பெயரை ஏற்ற முடியாமல் போகும். மாற்றுச் சான்று கையில் இல்லை என்பதற்காக அந்தப் பள்ளி பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது, கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. வயதுச் சான்று இல்லையென்று மறுப்பதை 14ஆம் பிரிவு தடுக்கிறது. மறுத்தால் அந்த வாசலிலேயே நின்று 14417க்குப் போன் செய்யுங்கள்.