கேட்பவரையும் ஒருவர் கேட்க வேண்டும்

உளவளத்துணையாளர் ஒருவர் உங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்து, நீங்கள் சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டுப் போகிறார். அதன்பின் என்ன நடக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? முறையாக இயங்கும் இடமென்றால், தன்னிலும் அனுபவம் கூடிய ஒருவருடன் இருந்து, தான் கேட்டதையும் செய்ததையும் அவர் பேசிப்பார்ப்பார். உங்கள் பெயரும் ஊரும் வெளியே போகாது. இதனை மேற்பார்வை என்பார்கள். வரவுப் புத்தகம் பார்க்கும் மேற்பார்வை அல்ல இது.

ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். 2009 இல் கணவர் காணாமற்போனார். மனைவி இன்றும் பொட்டு வைக்கிறார், தாலியைக் கழற்றவில்லை. அண்மையில் பயிற்சி முடித்த பிள்ளை ஒருத்தி, "இழப்பை ஏற்க மறுக்கிறார்" என்று கொப்பியில் எழுதிக்கொண்டு வருகிறாள். மேற்பார்வையாளர் அதற்குத் தலையாட்டினால், அடுத்த சந்திப்பிலேயே அந்தத் தாயை 'ஏற்கச் செய்யும்' வேலை தொடங்கிவிடும். நல்ல மேற்பார்வையாளர் கேட்பார்: "பொட்டைப் பற்றி அவ என்ன சொன்னவ? நீர் கேட்டனீரோ?"

பெரும்பாலும் கேட்டிருக்க மாட்டாள்.

சாவு உறுதியாகாமல் அந்தியேட்டி செய்வது எப்படி? பொட்டை அழித்தால் தானே அவரைச் சாகடித்தது போலாகாதா? இத்தகைய இழப்புகளை ஆராய்ந்த அமெரிக்கரான பொலின் பொஸ், கோளாறு அந்த நிலைமையில்தான் இருக்கிறது, அந்த ஆளில் அல்ல என்கிறார். மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணாமற்போயுள்ளார் என்பதற்கான சான்றிதழைப் பெற 2016 இல் இலங்கைச் சட்டமே இடமளித்துவிட்டது. சட்டம் ஒத்துக்கொண்டதைக் கொப்பி ஒத்துக்கொள்ளக் கூடாதா?

கணவர் மௌத்தாகி நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கும் முஸ்லிம் சகோதரி வீட்டைவிட்டு வெளியே வராததை, மனச்சோர்வின் அறிகுறியென்று எழுதுவதும் இதே பிழைதான். யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், பதகளிப்பைத் தணிக்க அவரவர் சமயத்துச் சொற்களையே திரும்பத் திரும்ப உச்சரிக்கும் வழியைக் கற்பித்தார். சைவருக்கு ஒரு சொல், கத்தோலிக்கருக்கு வேறொன்று, முஸ்லிம்களுக்கு இன்னொன்று. 1990களில் மட்டக்களப்பில், காணாமற்போனோரின் உறவுகள் அம்மன் கோயில்களில் வாக்குக் கேட்டதை மானிடவியலாளர் பட்ரிசியா லோரன்ஸ் பதிவுசெய்தார். உளவளத்துணையாளர் வாக்கை நம்பவேண்டும் என்பதில்லை. அங்கே போய்வந்த கதையைச் சொல்ல ஒரு தாய் கூச்சப்படாதிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு; இதனை யாரும் அதிகம் பேசுவதில்லை. மேற்பார்வை அறைக்குள்ளும் மேல், கீழ் இருக்கிறது. மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை, யாழ்ப்பாணத்து மேற்பார்வையாளருக்கு முன்னால் எல்லாவற்றுக்கும் "ஓம் மிஸ்" என்று மட்டும் சொன்னால் அங்கே மேற்பார்வை நடக்கவில்லை. ஊரும் சாதியும் வயதும் அந்தக் கதிரைகளிலும் வந்து இருக்கின்றன. அதை முதலில் வாய்திறந்து சொல்லவேண்டியவர் மேலே இருப்பவர்தான். கீழே இருப்பவரால் முடியாது.

அந்தப் பிள்ளை அடுத்தமுறை வரும்போது, "என்னைப் பற்றி ஆரோடை கதைக்கிறனீர், என்ன எழுதி வைச்சிருக்கிறீர்?" என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். எழுதியது பிழையென்றால் திருத்தச் சொல்லலாம். அவள் அதைக் கொண்டுபோய் மேற்பார்வையில் சொல்லட்டும்.